மான் இல்லை என்று சொல்ல வேண்டும்

பொய் சொல்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் பல் துலக்குவதற்கு முன்பே ஒன்றிரண்டு சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொளத்துமேட்டு ஆபிரகாமுக்குத்தான் அது வராது. அவருக்கு ஒரே ஒரு பொய்யைப் பழக்குவதற்குள் அவர் மகன் சாமுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

“எங்க, இன்னொரு தபா சொல்லு நைனா.”

“மானு ஒண்ணும் இல்ல சார்.”

“ஐயோ! மானை இன்னாத்துக்கு நீ இழுக்கிற? ஆபீசரு ‘பாறையில எதுனா கீதா’ன்னு கேப்பாரு. ‘எதுவும் இல்ல சார்’னு சொல்லிட்டு வாய மூடிக்க. அவ்ளோதான்.”

“எதுவும் இல்ல சார்,” என்றார் ஆபிரகாம். சொல்லும்போதே பார்வை தரைக்குப் போயிற்று. சாம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உள்ளே திரும்பினால் கொளத்துமேடு வரும். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றின் இடுப்பில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று. இரண்டு தூண்கள், சாமி இல்லாத கருவறை, வாசலின் இருபுறமும் தடியில் கைபோட்டுச் சாய்ந்து நிற்கும் துவாரபாலகர்கள். மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டம் ஐஸ்கிரீம் தின்றுவிட்டுக் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். அந்தக் குடைவரைக்கு ஆபிரகாம்தான் காவல். துவாரபாலகர்களையும் சேர்த்தால் மூன்று காவலர்கள், அதில் சம்பளம் வாங்குவது இவர் ஒருவர் என்று சர்ச்சுக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஆடுகளை விரட்டிக்கொண்டு குன்றடிவரை இறங்கினார். அங்கே இடுப்புயரத்தில் தட்டையாக ஒரு பாறை கிடக்கிறது. ஊரார் அதன்மேல் மிளகாய் காயவைத்துப் பழக்கம். சாய்ந்த வெயில் பாறையின் மேல் படுக்கையாக விழுந்த நேரம், அதில் கோடுகள் தெரிந்தன. ஆபிரகாம் குனிந்து பார்த்தார். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் ஒரு மான்.

மாமல்லபுரத்துப் பெரும் பாறையில் இப்படி ஒரு மான் உண்டு, எல்லாரும் பார்த்திருப்பார்கள். இது அதற்குப் பழகிப் பார்த்த கோடு போலிருந்தது. எந்தச் சிற்பியோ மெல்லிய உளியால் மேலாக இழுத்திருக்கிறான். காது, கழுத்து வளைவு, தூக்கிய குளம்பு எல்லாம் வந்துவிட்டன. வயிற்றுக்குப் பாதியில் கோடு நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டார்களோ என்னவோ, எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. வெயில் இறங்கி மான் மறைகிறவரை ஆபிரகாம் அங்கேயே நின்றார். ஆடுகள் பாட்டுக்குக் குடைவரைக்குள் போய்ப் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன.

மறுநாளே தொல்லியல் துறைக்குச் சொன்னார். வந்தார்கள், படம் எடுத்தார்கள், கைகுலுக்கினார்கள். பாறை பக்கத்தில் அவர் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. பாஸ்டர் அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். அப்புறம் ஒரு லாரி வந்தது, கம்பி வேலியோடு.

சட்டம் இதுதான்: புராதனச் சின்னத்தின் வேலியிலிருந்து நூறு மீட்டருக்குள் ஒரு செங்கல் வைக்கக்கூடாது. வேலி குன்றின் மேலே இருந்தவரை தெருவுக்குப் பாதகமில்லை. பாறையைச் சேர்த்துக்கொள்ள வேலி கீழே இறங்கியதும் தெரு முழுக்க அந்த நூறு மீட்டருக்குள் விழுந்தது. முதல் வீடு ஆபிரகாமுடையது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இந்த மனிதர் லாரி வைத்துக் கொட்டிக்கொண்டார். யார் வீட்டிலாவது கொத்து வேலை நடந்தால் தகவல் கொடுக்க வேண்டியதும் அவர்தான், அதுதானே உத்தியோகம்.

எதிர்வீட்டுக் கேசவன் மாடி எடுக்கக் கம்பி கட்டி வைத்திருந்தான். அந்தக் கம்பிகளில் இப்போது அவன் பெண்டாட்டி துணி காயவைக்கிறாள். ஆபிரகாம் தெருவில் நடந்தால், “மான் புடிச்சவரு வந்துகினு கீறாரு, வழி வுடுங்கப்பா,” என்பான். கேட்டுக்கொண்டு போவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஜெபா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜெபா அவருடைய மகள். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், தெருவிலேயே முதல் முதலாக ஏசி பஸ்ஸில் வேலைக்குப் போனவள். போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. சக்கர நாற்காலி வந்தது. ஆனால் அந்த வீட்டில் அது எங்கே போகும்? கதவு குறுகல், கழிப்பறை பின்கட்டைத் தாண்டி, நாலு படி இறங்கி, கொட்டகைக்கு அப்பால். ஒவ்வொரு முறையும் அம்மாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்க வேண்டும். சாம் கல்பாக்கத்துக்கு ஷிப்ட்டுக்குப் போய்விட்டால் அம்மா எல்லம்மாள் ஒருத்திதான்.

ஜெபா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் அரை டம்ளர், ராத்திரி மாத்திரைக்கு ஒரு வாய். யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்து செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர்தான் சொன்னார்: சிறுநீரில் கிருமி, இப்படியே போனால் கிட்னி போய்விடும், அறையோடு சேர்ந்த கழிப்பறை இல்லாமல் இந்தப் பெண்ணை வைத்திருக்காதீர்கள். ஆபிரகாம் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

வாடகை வீடும் தேடிப் பார்த்தார்கள். படி இல்லாத வீடே கிடைப்பதில்லை. கிடைத்த இரண்டிலும், எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, இப்போதுதான் வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்றார்கள். அனுமதி கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதிலே இல்லை. திருட்டுத்தனமாகக் கட்டலாமென்றால், காவலாளி வீட்டிலேயே கட்டடமா என்று வேலைக்கு வேட்டு வைத்து இடித்துவிட்டும் போவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்கத்தான் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“எங்கடா?”

“பாறைக்கு. நாலு போடு போட்டா வெறுங்கல்லு. கல்லுக்கு யாரு வேலி போடுவான்?”

ஆபிரகாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகனிடம் அப்படிக் கெஞ்சிய மனிதரை அந்தத் தெரு பார்த்ததில்லை. “கை வெச்சிடாதடா. ஆயிரத்து முன்னூறு வருசமா அது பாட்டுக்கு மூக்க சொறிஞ்சிகினு கீது. நான் வேற வழி சொல்றேன்.”

அந்த வழி அவருடையதுதான். தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுப்பது: பாறையில் இருப்பது சிற்பமல்ல, மழையும் வெயிலும் போட்ட கீறல். துறையிலிருந்து சரிபார்க்க ஆள் வரும். “உச்சி வெயில்ல வரச் சொல்லு,” என்றார் ஆபிரகாம். “சூரியன் தலைக்கு மேல நிக்கும்போது அதுல ஒரு மண்ணும் தெரியாது. என்னையும் ஒரு வார்த்தை கேப்பாங்க. நான் இல்லன்னு சொல்லிட்றேன்.”

சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. வேலி மேலே போய்விடும், மகளுக்கு அறை வரும், மானும் யார் கண்ணுக்கும் படாமல் பிழைத்துக்கிடக்கும். மிளகாய் காயப்போட்டால் போடட்டும்.

அந்த நாள் வந்தது. அதிகாரியின் பெயர் ஜெயக்குமார். ஊருக்குப் புதுசு, நல்ல மனிதர்தான், வெயில் தாங்காமல் கழுத்தில் ஈரக் கைக்குட்டை சுற்றியிருந்தார். வேலிக்கு வெளியே கேசவனும் தெருக்காரர்களும் நின்றார்கள். சாம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு ஜெபாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்குமார் பாறையைச் சுற்றி வந்தார். பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். வெயிலில் பாறை வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. கோடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

“படத்துல என்னமோ மாதிரி இருக்கு. இங்க ஒண்ணையும் காணோமே. நீங்கதானே முதல்ல பார்த்தது? என்ன சொல்றீங்க ஆபிரகாம்?”

மானின் காது அதிகாரியின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆபிரகாம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“எதுவும் இல்ல சார்.”

“அப்போ அன்னைக்கு?”

“அன்னிக்கு… கண்ணு ஏமாத்திடுச்சி சார்.”

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே வந்தது. வேலிக்கு வெளியே சாமின் முகம் மலர்ந்தது. கேசவன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான், யாரைக் கும்பிட்டான் என்று தெரியாது.

“இருக்கட்டும், எல்லாருக்கும் நடக்கறதுதான்,” என்றார் ஜெயக்குமார். அவருக்கும் ஒரு வேலை குறைந்த நிம்மதி. போனிலேயே குறிப்பைத் தட்டினார்: சிற்பம் எதுவும் இல்லை, இயற்கையான தேய்மானம். “சாயங்காலம் ஆபீஸ் போய் அனுப்பிடறேன். பழைய எல்லைக்கே வேலி போயிடும். சந்தோஷம்தானே?”

“சந்தோசம் சார்,” என்றார் ஆபிரகாம். நிஜமாகவே சந்தோஷம். சுவர் எங்கே எழுப்புவது, கதவு எவ்வளவு அகலம் வைப்பது என்று மனசு அதற்குள் கொத்தனாரோடு பேசப் போய்விட்டது.

கிளம்பும்போது ஜெயக்குமாரின் ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. அவர் பாறையின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு காலைத் தூக்கிப் பாறைமேல் வைத்துக் கயிற்றை இழுத்தார். அடியில் ஒட்டியிருந்த சரளைக்கல் நறநறவென்று தேய்ந்தது.

“சார், கால எடுங்க! மூஞ்சி மேல வெச்சிகினு கீறீங்க!”

தூணில் சாய்கிறவர்களையும் துவாரபாலகர் தோளில் கைபோட்டுப் படம் எடுக்கிறவர்களையும் இத்தனை வருஷம் அதட்டிய குரல் அது. ஆபிரகாம் அதைக் கூப்பிடவில்லை. அதுவே வந்துவிட்டது.

ஜெயக்குமார் பதறிப்போய்க் காலை எடுத்தார். “யார் மூஞ்சி?”

அப்போதும் தப்பித்திருக்கலாம். ஒரு சிரிப்புச் சிரித்து, கல்லு சுடும் சார் என்று எதையாவது உளறியிருந்தால் போதும். நீங்களோ நானோ அதைத்தான் செய்திருப்போம். ஆபிரகாமும் வாயைத் திறந்தார். ஆனால் கண் போன இடத்தை யார் மறைப்பது? சரளை தேய்த்த இடத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அவர் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

அதிகாரி அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறையில் ஊற்றினார். தண்ணீர் பரவி, வழிந்து, கோட்டுக்குள் மட்டும் கறுப்பாகத் தங்கியது. முதலில் காது. பிறகு கழுத்து.

“அடடா!” என்றார் ஜெயக்குமார்.

அந்த ஒரு வார்த்தைதான் ஆபிரகாமைக் கவிழ்த்தது. இத்தனை வருஷத்தில் அந்த மானைப் பார்த்து இப்படி “அடடா” என்றவர் எத்தனை பேர்? அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இங்க ஊத்துங்க சார், இந்தாண்ட. இது கொளம்பு. ஒரே இழுப்புல இழுத்துகீறான் பாருங்க, எங்கயும் கைய எடுக்கல. இது மூக்கு. சொறியறப்போ கண்ணு பாதி மூடிகினு கீது, தெரியுதா? தெரியுதா சார்?” அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. விரல் கோட்டைத் தொடர்ந்து வயிறுவரை போய், கோடு முடிந்த இடத்தில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேலிப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

ஜெயக்குமார் மெதுவாகப் போனை எடுத்தார். தட்டியதை அழித்தார். “நான் பார்த்துட்டேனேங்க,” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். “பார்த்த பிறகு நான் எப்படி இல்லைன்னு எழுதறது?”

எல்லம்மாள் தட்டில் மோர் டம்ளர்களோடு வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அடுப்படியிலிருந்து நேராக வருகிறாள், நடந்தது எதுவும் தெரியாது. சாம் சிரித்தது மட்டும்தான் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தது. முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியில் பவுடர்கூடப் போட்டிருந்தாள்.

“முடிஞ்சிதா சார்? வெயில்ல வந்து கஷ்டப்பட்டீங்க. குடிங்க.”

“உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா,” என்றார் அந்த நல்ல மனிதர். “அவர் காட்டலைன்னா எனக்கு மான் தெரிஞ்சே இருக்காது.”

எல்லம்மாள் பாறையைப் பார்த்தாள். தண்ணீர் காயத் தொடங்கியிருந்தது. மானின் தலை மட்டும் இன்னும் இருந்தது. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை, கத்தவும் இல்லை.

“காட்டிட்டியா?” என்று கேட்டாள்.

ஆபிரகாம் பாறையிலிருந்து விரலை எடுத்தார்.

“எழுந்து போ. நானோ சாமோ சொல்ல மாட்டோம். வூட்டுக்குள்ள போயி அவகிட்ட நீயே சொல்லு.”

அந்த நேரம் பார்த்து ஜன்னலிலிருந்து ஜெபா கூப்பிட்டாள். “நைனா! சார் இன்னா சொன்னாரு?”

தெரு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆபிரகாம் பாறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், ஓர் அடி வைத்தார், நின்றுவிட்டார். ஜெபா இன்னொரு தடவை கூப்பிட்டாள்.