ஈரப் பாவு

இருட்டு பிரியுமுன்பே, தறிக்கு ஏற்றவேண்டிய நெடுக்கிழைப் பாவு தெருவில் நீண்டு கிடந்தது. இரண்டு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டி, நடுவே மூங்கில் கவை கொடுத்து, கைலாசமும் அவன் பெண்டாட்டி ஏலவார்குழலியும் பட்டிழைகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடிச் செய்கிற வேலை அது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்று கூலி பேசாமல் வந்து நிற்பார்கள். விஷஜுரம் பரவியதிலிருந்து யாரும் தெருவில் கூடக் கூடாதென்று உத்தரவு.

இந்தப் பாவு தறியேறினால் சொந்தத் தறி பிழைக்கும். இல்லையென்றால் வேலாயுதத்தின் தறிக் கொட்டகைக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். வேலாயுதம் நகரசபை மெம்பர். தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே அவர் ஆட்கள்.

கூட்டம் சேர்ந்தால்தானே தப்பு, புருஷனும் பெண்டாட்டியும் நின்றால் என்ன என்று கைலாசம் நினைத்தான். அங்கேதான் பிசகினான். ஊர்க் கை செய்கிற வேலையை நாலு கையால் முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. வெயிலோடு நகரசபைச் சேவகனும் வந்தான்.

கஞ்சி காயட்டும், ஈரத்தோடு சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும் என்று கைலாசம் கும்பிட்டான்.

"சுருட்டறியா, முளையப் பிடுங்கட்டா?" என்றான் சேவகன்.

சுருட்டினார்கள். அந்த நீளத்துக்கு வீட்டில் இடமேது? முழம் முழமாகப் பிரித்துக் காயவைத்தும், பட்டு கோரைப்பாய் மாதிரி விறைத்துப் புளித்த வாடை அடித்தது. தொட்ட இடமெல்லாம் இழை அறுந்தது. ஏலவார்குழலி அழவில்லை. கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அந்த வாரமே ஒரு காலையில் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. வேலாயுதத்தின் பாவு கைலாசத்தின் வாசலையும் தாண்டி நீண்டிருந்தது. இருபுறமும் ஆட்கள். சேவகன் எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"இதுக்கு மட்டும் உத்தரவு இல்லியாபா?" என்று சேவகனைக் கேட்டான் கைலாசம்.

"மெம்பரு பர்மிட் வாங்கிக்கினாரு. உற்சவத்துல சாமிக்குச் சாத்துற பட்டாம்."

"உற்சவத்தையே நிறுத்திட்டாங்களே."

"அதுக்கோசரம் சாமி அம்மணமா நிக்கணுமா? போய் மெம்பர்கிட்ட கேளேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பாவில் தூரிகை பிடித்து நின்ற பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரத்துக்கு இருமல் நிற்கவேயில்லை. கண் இரண்டும் சிவந்து, கால் துவண்டது. வேலாயுதத்தின் மேஸ்திரி அவனைப் பார்த்தார், பிறகு கைலாசத்தைப் பார்த்தார்.

"சும்மாதான நிக்கிற. எறங்கு. நாளையிலேருந்து கொட்டகைக்கு வந்துடு."

கைலாசம் திரும்பினான். வாசலில் நின்ற ஏலவார்குழலி உள்ளே போய்விட்டாள். அவன் படியிறங்கினான்.

"ராவெல்லாம் அனலு மாமா," என்றான் கலியாணசுந்தரம். "வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னுட்டாரு மேஸ்திரி."

கஞ்சித் தூரிகையை நீட்டிவிட்டு அப்படியே தரையில் குந்தினான். அதன் கட்டைப்பிடி அவன் உடம்புச் சூட்டில் கதகதவென்றிருந்தது. கைலாசம் அதைக் கஞ்சியில் முக்கி எடுத்து, இழைமேல் இழுத்துக்கொண்டே நடந்தான்.

சேவகன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் நாலு வீடு தள்ளிப்போய் உட்கார்ந்தான்.