பதினான்காம் மாடியின் ஆட்டம்

"உனக்குத் தலை சுத்துதா, இல்ல என் கட்டடம் சுத்துதா?" என்று மேனேஜர் கேட்டதும் அலுவலகமே சிரித்தது. தரை துடைக்கும் அக்காவும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரித்துவைத்தாள். அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தின் தரையெல்லாம் அவள் பொறுப்பு. மேல்மாடியில் நடன வகுப்பு நடக்கும்போது வாளித் தண்ணீர் தளும்புகிறது, படிக்கட்டுச் சுவரில் மெல்லிய விரிசல் ஓடுகிறது என்றுதான் சொல்லப் போனாள். மேனேஜரோ நாற்காலியை விட்டு எழாமலே கட்டடப் பாதுகாப்புச் சோதனைத் தாளில் பதினான்கு மாடிக்கும் 'சரி' போட்டுக் கையெழுத்திட்டார்.

நடன வகுப்பின் ஆண்டுவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்று மாலை நூறு பேர் ஒரே பாட்டுக்கு ஒன்றாகக் குதித்தார்கள். நடன டீச்சர் உருண்டு திரண்ட உடம்போடு பஞ்சாய்ப் பறந்தாள். எல்லார் முகத்திலும் வேர்வையும் சிரிப்புமாக இருந்தது. அதைக் கெடுக்க, படிக்கட்டு ஓரம் வாளியோடு நின்ற அக்காவுக்கு மனமே வரவில்லை. ஆனால் வாளியில் நடுத்தண்ணீர் அப்படியே இருக்க, இரண்டு ஓரமும் மாறி மாறி ஏறி இறங்கி வெளியே கொட்டியது. விரிசலிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. வேலை போனால் போகட்டும் என்று வாளியும் காரைத் துண்டுமாக உள்ளே நுழைந்தாள்.

"டீச்சர், பாட்டை நிறுத்துங்க!"

"ஏன்க்கா, நீங்களும் ஆட வந்துட்டீங்களா?"

"நான் ஆடல, கட்டடம் ஆடுது. வாளியோட நடக்கறப்போ என் அடியும் தண்ணியோட ஆட்டமும் ஒண்ணு சேந்துட்டா, ஒவ்வொரு அடியும் அதை இன்னும் தூக்கிவிடும். நடையை மாத்தினா அடங்கிடும். நேத்து வேற பாட்டுக்கு இதைவிட வேகமாக் குதிச்சீங்க, ஒரு சொட்டு சிந்தல. இந்தப் பாட்டு கட்டடத்தோட ஆட்டத்துக்குச் சரியா சேந்துடுச்சு."

டீச்சர் வாளியை வாங்கி நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் பாதித் தண்ணீர் அவள் காலில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், காரைத் துண்டைப் பார்க்கும் வரை.

"எல்லாரும் கீழ இறங்குங்க! மெதுவா, ஒருத்தர் பின்னால ஒருத்தர். தாளம் போட்டுட்டு இறங்கினா உதைதான்!"

கார் நிறுத்துமிடத்தில் ஆட்டம் மறுபடி களைகட்டியது. மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரைக் கேட்டு இங்க ஆடறீங்க?"

டீச்சர் அந்தக் காரைத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எவ்வளவு பலமான கட்டடமா இருந்தாலும், சின்னச் சின்ன அதிர்வு அதோட ஆட்டத்துக்கு ஏத்தபடி விழுந்துட்டே இருந்தா தாங்காது சார். அது இந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரு சொல்றாங்கன்னு பாக்காம, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. ஏறிப் பாக்காத மாடிக்குக் கையெழுத்துப் போடாதீங்க. அது நூறு பேரோட உயிர்."

யாரோ அக்காவின் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தார்கள். வெட்கத்தில் நெளிந்தவள், இரண்டாவது அடியிலேயே தாளத்தைப் பிடித்துவிட்டாள்.

மேனேஜர் காரைத் துண்டை மூடிய கையோடு, திறந்திருந்த லிஃப்டைத் தாண்டி, படியேறிப் போனார்.