ஆளோடு இறங்கிய நாள்

நமீபியாவின் கடலோர ஊரான ஸ்வாகோப்முண்டில் இருந்த இரண்டு வருடங்களில் நெலாகோ ஆயிரம் தடவைக்கு மேல் ஆளேற்றிப் பறந்திருப்பாள். ஆளோடு இறங்கியது ஒரே ஒரு தடவை.

விமானி உரிமம் வாங்கியதும் கிடைத்த முதல் வேலை அது. பாராசூட் கட்டிய ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பத்தாயிரம் அடி ஏறுவாள். கதவு திறக்கும், குளிர் பாயும், ஒவ்வொருவராகக் குதித்துவிடுவார்கள். பிறகு காலி விமானம், இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் கடல். பேச ஆளில்லாத அந்தப் பத்து நிமிடங்களை இன்றும் அவள் மனம் தேடும்.

அன்று உச்சிக்குப் போய்க் கதவைத் திறந்தபோது, கடலிலிருந்து வந்த மூடுபனி, குதிப்பவர்கள் இறங்கும் திடலை ஏறக்குறைய விழுங்கியிருந்தது. ஓடுபாதையில் மட்டும் இன்னும் வெயில்.

"பனிக்கு நடுவுல ஓட்டை தெரியுதுல்ல? போறோம்," என்றார் ஹென்னோ. குதிக்க வந்த ஐவரில் அவரும் ஒருவர்; விமானம் அவருடையது. அவளுடைய வேலையும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த ஓட்டை சுருங்குவதை நெலாகோ பார்த்தாள்.

"வேணாம் ஹென்னோ. நீங்க கீழ போறதுக்குள்ள மூடிடும். கதவைச் சாத்துங்க."

பின்னாலிருந்து எலிஃபாஸ் அலறினான். ஐந்நூறு தடவை குதித்தவன். "ஐயோ கேப்டனம்மா, இதுக்குள்ளயே உக்காந்து இறங்கணுமா? எனக்குப் பயமா இருக்கு!"

"கண்ண மூடிக்கோடா."

ஹென்னோ அவளையே பார்த்தார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். கடைசியில் அவர் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

இறங்கும்போதுதான் பாரம் தெரிந்தது. காலி விமானத்துக்குப் பழகிய கை. ஓடுபாதை வேகமாக மேலேறி வந்தது. அவசரமாக என்ஜின் விசையைக் கூட்டினாள். சக்கரம் ஒரு முறை துள்ளி, பிறகு ஒட்டியது. அவள் இருக்கையின் முதுகை யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள்.

என்ஜினை அணைத்தாள். சற்று நேரத்தில் ஓடுபாதையும் வெள்ளைக்குள் போனது. யாரும் எழவில்லை.

ஹென்னோதான் வாயைத் திறந்தார். "இங்க எதை முதல் தடவை செஞ்சாலும் எல்லாருக்கும் பீர் வாங்கணும். தெரியும்ல?"

"எலிஃபாஸ்தான வாங்கணும்? அவன்தான் முதல் தடவையா விமானத்துல இறங்கினான்," என்றாள் நெலாகோ.

"அவனும் வாங்குவான். எங்கிட்ட முதல் தடவை 'வேணாம்'னு சொன்னது யாரு? நீ ஒரு பெட்டி. நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துடு."

பெரிய விமானங்களுக்குப் போன பிறகு அவள் எத்தனையோ முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஒரு படிவத்தை நீட்டி, காரணம் எழுதச் சொல்வார்கள்.