உடும்பு குடித்த தண்ணீர்

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் மல்யுத்தக்காரியான அவளுக்கு உடும்பு என்று பெயர். வைத்தவர் தாய்மாமன், பயிற்சியாளரும் அவர்தான். சின்ன வயதிலிருந்து மெத்தையில் புரண்டு, முப்பது தாண்டித்தான் உலகப் போட்டிக்கு வந்து சேர்ந்திருந்தாள். இன்னொரு முறைக்கு முழங்கால் தாங்காது. இதுதான் முதலும் கடைசியும்.

போயும் போயும் முதல் சுற்றிலேயே எதிரி நாட்டுக்காரியோடு மோதும்படி குலுக்கலில் விழுந்துவிட்டது. இரண்டு நாடுகளும் ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காது. மோதினால் அந்த நாட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று மேலிடத்துக்குப் பயம். மாட்டேன் என்றால் மொத்த அணிக்கும் தடை. பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்து, விடிந்ததும் அணி மேனேஜர் பெரிய தண்ணீர் பாட்டிலோடு அவள் அறைக்கு வந்தார்.

“குடிம்மா. எடை ஐம்பது கிலோவத் தாண்டிட்டா, எடை பாக்குற இடத்துலயே வெளிய அனுப்பிருவாங்க. யார் மேலயும் பழி வராது.”

“என் மேல வருமே சார். வாயக் கட்டத் தெரியாதவன்னு ஊரே சிரிக்குமே.”

“நாட்டுக்காகச் சிரிச்சுட்டுப் போகட்டும். குடி.”

அவர் கண்ணெதிரிலேயே குடித்தாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலை அந்த மனிதர் கையில் இருந்தது. காலி பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மேனேஜர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார். பாவம், எடை இறக்குவது மல்யுத்தக்காரர்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அணிவகுப்புக்குக் கொடுத்த கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு பின்படிக்கட்டுக்குக் கிளம்பினாள். மாமா வாசலை மறித்தார்.

“தள்ளுங்க மாமா.”

அவர் தன் கோட்டைக் கழற்றி அவள் கோட்டுக்கு மேலே மாட்டிவிட்டார். “இதையும் போட்டுக்க. அப்பதான் நல்லா வேர்க்கும்.”

“உங்க வேலை போயிரும்.”

“போனா போகுது. உங்கம்மா எனக்குச் சோறு போடாமலா இருப்பா?”

ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். உடம்பில் நீர் குறைய, சூயிங்கம் மென்று எச்சிலை டம்ளரில் துப்பினாள். கால் நடுங்கும்போதெல்லாம் மாமா கீழிருந்து திட்டினார். அந்தத் திட்டு இல்லாமல் அவள் ஒரு நாளும் பயிற்சி முடித்ததில்லை.

எடை மேடையில் சரியாக ஐம்பது கிலோ. ஒரு கிராம் கூடுதல் இல்லை. வாசலில் காத்திருந்த மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

மதியம் மோதினாள். எதிராளியும் லேசுப்பட்டவள் இல்லை. கடைசி நொடிவரை இழுபறியாகப் போய், ஒரே ஒரு புள்ளியில் உடும்பு தோற்றாள். ஜெயித்தவள் குனிந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டதை உலகமே பார்த்தது.

வெளியே மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். “கடைசியில தோத்துத்தானே வந்த? இதுக்கா இவ்வளவு பிடிவாதம்?”

அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஈரம் காயாத தன் கோட்டை அவர் கையில் வைத்தாள்.

“தோத்தேன் சார். அவகிட்ட தோத்தேன். உங்க பாட்டில்கிட்ட தோக்கல.”