சாய்ந்த வெட்டு

பதினான்கு. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே இடம், அதே பதினான்கு. குடலின் உள்தோலுக்கு அடியில் சாயம் ஏறிய கொலாஜன் என்ற நார்ப்பட்டை நீலமாக ஓடியது. அதன் தடிமன் பத்து மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தொட்டால் நோய். தொடாவிட்டால் எல்லாம் மனசுதான் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். காரணம் தெரியாத வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களின் குடல்சதையை அளப்பதுதான் இந்த ஆய்வில் அவள் வேலை. இரண்டு வருடமாக அளந்ததில் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு ‘மைக்ரான்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்லைடில் ஆள் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அளப்பவருக்கு யாருடையது என்று தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் இந்த எண் ஒட்டிய குப்பியைப் போன வாரம் அவளேதான் வாங்கி வந்தாள். உள்ளே இருந்தது அம்மாவின் சதை.

அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். முப்பது பேர் வரிசைக்கு ஒரே டோக்கன். அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். நாலு வருடமாக ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை, தண்ணீராகப் போகிறது. மற்ற பெண்கள் டோக்கன்காரி என்று சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் டாக்டர் சான்றிதழ் வந்தால் கழிப்பறைப் பக்கம் இடம் மாற்றித் தருவார்கள், வராவிட்டால் வீடுதான். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரோ திரையைப் பார்த்தபடியே, குடல் பளிங்கு மாதிரி இருக்கிறது, அம்மாவுக்குக் கவலை அதிகம் என்றார். பளிங்கு மாதிரிதான் இருக்கும், சதை எடுத்தால்தான் தெரியும் என்று கதவருகே நின்ற மகள் குரலை உயர்த்தினாள். நாலெழுத்துப் படித்துவிட்டால் போதுமே என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு துணுக்கு கிள்ளிக் கொடுத்தார்.

பதினான்கு என்று எழுத ஒரு நொடி போதும். ஆய்வை நடத்தும் மேடம் அவள் அளவை ஒருநாளும் திரும்ப அளந்ததில்லை. ஆனால் ஸ்லைடுக்காகச் சதையைச் சீவிய வெட்டு அந்த இடத்தில் சாய்ந்திருந்தது. கேரட்டைச் சாய்த்து நறுக்கினால் வில்லைதான் நீளும், கேரட் பெருத்துவிடாது. நேராக விழுந்த இடங்களில் அளந்தாள். ஆறு. ஏழு. ஆறு. இதுவரை எத்தனையோ பேருடைய சாய்ந்த வெட்டுகளை யோசிக்காமல் தள்ளியிருக்கிறாள். அவர்களுக்கும் ஆளுக்கொரு சூப்பர்வைசர் இருந்திருப்பான்.

ஆறு என்று எழுதப் போனபோதுதான் குப்பியோடு வந்த சீட்டைப் படித்தாள். இரண்டு துணுக்கும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே எடுத்தவை. நோய் இருந்தாலும் அங்கே பட்டை தடிக்காமலே இருக்கலாம். மேலே, வலப்பக்கம் போயிருக்க வேண்டும். டாக்டர் கேமராவைக் கிட்டத்தட்ட வெளியே இழுத்தபிறகு போனால் போகிறதென்று கிள்ளியிருக்கிறார். வாயாடி ஜெயித்த மிதப்பில் இவளும் சீட்டைப் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறாள். முதல் கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மாவுடையது என்பதையும். மேடம் ஸ்லைடை வாங்கித் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இதை அவள் தொட்டிருக்கவே கூடாது என்றார். பிறகு, மாதிரி போதாது, குடல் முழுக்க எட்டு இடத்தில் எடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் இதை வைத்துச் சான்றிதழ் தர முடியாது என்றார். மறுபடி கேமரா விட்டுச் சதை எடுக்கத் தேதி மாதத்தின் கடைசி வேலைநாளில்தான் கிடைத்தது.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பதினாலுன்னு எழுதியிருந்தா டாக்டர் சான்றிதழ் கிடைச்சிருக்கும்ல?"

"கிடைச்சிருக்கும்."

"அன்னிக்கு லீவு போட்டா மூணாவது கடிதம்டி. அதோட வேலை போச்சு."

"தெரியும்மா."

"ஆறுங்கறே. உன் கணக்கு தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். அப்புறம் எனக்கு ஏன்டி இப்படிப் போகுது?"

எட்டு இடத்தில் எடுத்தும் ஆறு என்றே வந்தால் என்ன செய்வது என்று மகளுக்கும் தெரியவில்லை.

பரிசோதனை நாள் காலையில் அம்மா கழிப்பறை வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குடலைக் கழுவும் உப்புத் தண்ணீர் ஜாடியில் பாதி மீதமிருந்தது. கால் மணிக்கு ஒரு டம்ளர். மகள் ஊற்றித் தர, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. அம்மா டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். வேன் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது. கடைசி மடக்கை விழுங்கிவிட்டு, காலி டம்ளரை நீட்டினாள்.