மூடி அக்கா

சபையில் கீபோர்டு வாசிப்பவளுக்குப் பாடகர் குழுப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மூடி அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனாலும் காதுக்கு வராமல் போகுமா? காரணப் பெயர்தான். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து மைக்கில் சொல்லலாம். மைக் கிடைத்தவர்கள் லேசில் விடுவார்களா? ஒருவர் தன் மலச்சிக்கல் தீர்ந்த கதையை ஆதியோடு அந்தமாக ஆரம்பிப்பார். ஒரு அம்மாள் ஜெபத்தில் தொடங்கி மருமகளில் வந்து நிற்பாள். அப்போது பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் சைகை. உடனே இவள் சுருதி கொடுத்து நன்றிப் பாட்டை எடுப்பாள், சபை கைதட்டிச் சேர்ந்துகொள்ளும், பேசியவர் வாயை மூடிக்கொண்டு இடத்துக்குப் போவார். வலிக்காமல் ஊசி போடுகிற கை என்று பாஸ்டரே மெச்சியிருக்கிறார்.

அந்த ஞாயிறு சாட்சி சொல்ல வேண்டியவள் அவளுடைய தங்கச்சி.

தங்கச்சி புருஷனுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சபை மூப்பருடைய சலவை ஆலையில் நடந்த விபத்து. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஆலை அது. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் இஸ்திரியாகி வரும். கொடுக்கிற பக்கத்தில் ஒரு தடுப்பு உண்டு, விரல் பட்டால் உருளை நின்றுவிடும். துணி மடிப்பு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் மூப்பருக்குப் பொறுக்கவில்லை. ஆளை விட்டுத் தடுப்பைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்தார். கை போன அன்று சாயங்காலமே அந்தக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டார்கள். தங்கச்சி மாப்பிள்ளை துணி கொடுக்கிறவன், மூடி அக்கா எதிர்ப்பக்கம் நின்று மடிக்கிறவள். கட்டியதையும் பார்த்தாள், வெட்டியதையும் பார்த்தாள். தங்கச்சியைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. 'ஜெபத்தில் வைத்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்துக்கு அவள் வைத்திருந்த செல்லப் பெயர் அது.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். அதற்கு முன்னால், யார் மேலும் குறையில்லை என்று அந்தக் குடும்பமே சபை நடுவில் நின்று நன்றி சொல்லிவிட்டால் மூப்பருக்குச் சௌகரியம். மாப்பிள்ளைக்கு வாட்ச்மேன் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிறு காலையில் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி தன் புருஷனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றான்.

"ஆண்டவர் முன்னாடி நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லச் சொல்லி யாரு கேட்டா? நன்றி சொல்லிட்டு எறங்கு, போதும்."

அவன் செருப்பைத் தேடிப் போனதும் தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில அத்தனை ஜெபம் பண்ணேன்க்கா. அவரு கையக் கேட்டேன், வரல. தைரியத்தைக் கேக்கவே இல்ல, அது வந்து உக்காந்துகிச்சு. ஆண்டவர் அதை எதுக்குக் கொடுத்தாருன்னு யோசிச்சேன். அந்த உருளைகிட்ட இப்ப வேற ஒருத்தன் நிக்கிறான்ல, அவனுக்காகத்தான். நீ என் பேச்சு மேல பாட்டை மட்டும் போட்டுடாதே."

"நேரமாச்சு, கெளம்பு" என்றாள் அக்கா.

ஆராதனைக்கு முன் பாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். "உன் தங்கச்சி மனசு ஒடஞ்சு போயிருக்கும்மா. பேச்சு ஒரு மாதிரி போச்சுன்னா நீதான் அன்பா மூடிவிடணும்." அன்பாகவாம்!

தங்கச்சி மைக்கைப் பிடித்தாள். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு, அதுக்கு ஆண்டவருக்கு மட்டும்தான் நன்றி. கை எப்படிப் போச்சுன்னு இப்பச் சொல்றேன்."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். பழக்க தோஷம், அக்காவின் விரல்கள் தாமாகவே கட்டைகள் மேல் போய் உட்கார்ந்தன. பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. 'ஆண்டவரே, என் விரலைப் பிடிச்சுக்கோ' என்றாள் மனதுக்குள். அவள் எத்தனையோ அழகான ஜெபங்களுக்குப் பின்னணி வாசித்திருக்கிறாள். அவளுடைய சொந்த ஜெபம் என்றால் அது அந்த ஒற்றை வரிதான். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் கண்ணாடி தேய்ந்துபோகும் அளவுக்குத் துடைத்தார். கடைசியில் மூப்பரே எழுந்து, கைதட்டி, நன்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டார். சபையும் சேர்ந்துகொண்டது. வருஷக்கணக்காக இவள் பழக்கி வைத்த சபை அல்லவா? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. தங்கச்சியின் உதடு மட்டும் அசைந்தது, மைக் இருந்தும் சத்தம் கேட்கவில்லை. முன்வரிசையில் மாப்பிள்ளையும் பாடினான். தட்ட இன்னொரு கை இல்லாததால் தொடையில் அடித்துக்கொண்டு பாடினான்.

ஆனால் சுருதி கொடுக்க ஆளில்லாத பாட்டு. மூப்பர் எடுத்த எடுப்பே உச்சத்தில். பல்லவியை எப்படியோ இழுத்துவிட்டார்கள். சரணத்தில் குரல் ஏறவில்லை. ஒவ்வொருவராகக் கம்மி நிறுத்தினார்கள். மூப்பர் மட்டும் தனியாக மேலே போய், கீச்சென்று உடைந்து நின்றார். அந்த இடைவெளியில் தங்கச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"...தடுப்பைத் தூக்கிக் கட்டி வச்சிருந்தாங்க. கை போனதும் கம்பிய வெட்டி எடுத்துட்டாங்க."

மாப்பிள்ளை எழுந்தான். மனைவி பக்கம் திரும்பவில்லை. "அவ தூங்கியே ரொம்ப நாளாச்சு. என்ன பேசறான்னு அவளுக்கே தெரியாது. நாந்தான் கவனமில்லாம கைய விட்டேன்."

"ஆமென்" என்றார் மூப்பர். சபை நிம்மதியாக மூச்சு விட்டது. தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை.

மூடி அக்கா எழுந்தாள். பாடிப் பாடித் திறந்த தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை.

"அவ சொல்றது நெசம். எதிர்ப்பக்கம் நின்னு துணி மடிச்சவ நான். கட்டினதையும் பார்த்தேன், வெட்டினதையும் பார்த்தேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லுவேன்."

மூப்பர் சிரித்தபடியே சொன்னார். "ஆலைக்குள்ள வந்தாத்தானேம்மா சொல்லுவ?"

"கேட்டுக்கு வெளிய ரோடு இருக்குல்ல? அங்க நின்னு சொல்றேன்."

எப்போதும் அக்கா பக்கத்தில் உட்கார்கிற தோழி பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். கண்ணை மூடச் சொன்னால் அந்தச் சபை ஒரு நொடி தாமதிக்காது. எல்லோரும் மூடியிருந்தபோது அக்கா தங்கச்சியின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

வேலை போயிற்று, கீபோர்டு போயிற்று. பயம் மட்டும் போகவில்லை. ஆனால் நாளைக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இத்தனை வருஷ ஆராதனையில் அவளுக்கு இது தெரிந்ததே இல்லை.

படியில் தங்கச்சி நின்றாள். "அவரு வீட்டுக்கு வருவாராக்கா?"

"வராம எங்க போவாரு? சட்டையக் கழட்டிவிட ஆள் வேணுமே."

தங்கச்சி தன் கைகளைப் பார்த்தாள். "வந்தா கழட்டித்தான் விடணும், இல்லக்கா?"

உள்ளே நன்றிப் பாட்டை மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை சுருதி சரியாக இருந்தது.