இரண்டு டப்பா வெடிமருந்து

கடைகளில் வெடிமருந்தே கிடைக்காமல் போன வருஷத்தில்தான் என் கணவர் வெர்லினுக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றியது. இரண்டில் எதைப் பற்றி அதிகம் புலம்பினார் என்று கேட்டால், வெடிமருந்தைப் பற்றித்தான். சிகிச்சைக்காக பாய்ஸி நகரத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வழியில் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றையும் விடமாட்டார். அவர் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கேட்க வேண்டும். கடைக்காரர் காலி அலமாரியைக் காட்டுவார்.

"உள்ள பதுக்கி வெச்சிருப்பான். நீ கேக்குற விதமா கேட்டிருக்க மாட்டே."

"அப்ப நீயே இறங்கிப் போய்க் கேளு."

"மூச்சு வாங்குதே."

"என்னைக் குறை சொல்றதுக்கு மட்டும் வாங்கலையா?"

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் கைத்துப்பாக்கிக் குழுவின் வருஷக் கடைசிப் போட்டி செப்டம்பரில் வரும். அதில் ஒருமுறை சுட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் கையில் துப்பாக்கி நிற்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அழுத்தி, தன் தோட்டாவைத் தானே செய்துகொள்வார். எப்போதும் போடும் மருந்து மென்மையாக உதைக்கும். இளைத்துப்போன மணிக்கட்டுக்கு அதுதான் ஒத்துவரும். அதுதான் எங்கேயும் இல்லை.

ஆகவே மாற்று தேட ஆரம்பித்தார். என் சாப்பாட்டு மேசை முழுக்கக் கையேடுகள். அவருடைய நண்பர் ஹாஸ்கல் தினமும் காப்பிக்கு வந்து அந்தக் குழப்பத்தில் தன் பங்கையும் சேர்ப்பார்.

"யோவ் வெர்லின், அந்தச் சிவப்பு டப்பா மருந்தையே போடேன். ஒரு சிட்டிகை போதும்."

"சிட்டிகைங்கிறதுதான்டா ஆபத்து. ஒரே கூட்டுல தவறி ரெண்டு தடவை விழுந்தாலும் வெளியே தெரியாது. துப்பாக்கி வெடிச்சு விரல் போயிடும்."

"அப்ப பஞ்சு மாதிரி நிறைய இடம் பிடிக்குமே, அதைப் போடு. ரெண்டு தடவை விழுந்தா வழிஞ்சு கொட்டிடும்."

"அது கழுதை மாதிரி உதைக்கும்."

"அப்ப மூணாவது..."

"அது ஒரே கரியாப் படியும். துப்பாக்கியைத் துடைக்கவே அரை நாள் ஆகும்."

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலை" என்றேன்.

"அப்ப கையேடு இல்லையே, ரோவீனா" என்றார். ஹாஸ்கலுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

கடைசியில் இரண்டு டப்பாக்கள் கிடைத்தன. ஒன்றை ஹாஸ்கல் மான் இறைச்சி கொடுத்து மாற்றி வாங்கி வந்தார். இன்னொன்று மொன்டானாவில் இருக்கும் பழைய நண்பர் ஒருவருடையது. இரண்டும் அவர் கேட்டது இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றையாவது மென்மையாக உதைக்க வைக்கலாம் என்றார். போட்டிக்கு முந்தின நாள் காலையில் கார் கொட்டகையில் உட்கார்ந்து, ஒன்றைப் போட்டுச் சில தோட்டாக்கள் செய்து, பின்னால் இருக்கும் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தார். பிறகு மற்றதைப் போட்டுச் சுட்டார். அப்புறம் ஒன்றைத் தேர்ந்து, போட்டிக்கான தோட்டாக்களைச் செய்ய உட்கார்ந்தார். நடுவில் மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

நான் சூப் எடுத்துக்கொண்டு போனபோது தட்டு நிறையத் தோட்டாக்கள் பளபளத்தன. மேசைமேல் இரண்டு டப்பாக்களும் திறந்திருந்தன. மருந்தை அளந்து கூட்டில் கொட்டும் குழாயில் பாதிக்கு மருந்து இருந்தது.

மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும்; மருந்து மாறினால் துப்பாக்கியே வெடிக்கும். குழுவில் சேரும் ஒவ்வொருவரிடமும் விரலை ஆட்டி இதைச் சொல்லி, மறந்தவர்களை வெளியே அனுப்பியவரே இவர்தான்.

"குழாயில இருக்கிறது எது?"

அவர் குழாயைப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் செதில்கள்.

"ஹாஸ்கல் கொண்டாந்தது."

"நிச்சயமா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"கத்தாதே. காலையில முதல்ல போட்டதைத் திரும்ப டப்பாவுல கொட்டினேன். கொட்டினேனா? கொட்டினேன்."

"எந்த டப்பாவுல?"

அவர் ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார், பிறகு மற்றதை. சூப்பைக் கீழே வைத்துவிட்டு ஹாஸ்கலைக் கூப்பிட்டேன். வந்து பார்த்த ஹாஸ்கல் தொப்பியைக் கழற்றினார்.

"இதையே நான் செஞ்சிருந்தா என்ன சொல்லுவே?"

"துப்பாக்கியை வித்துட்டுப் பூந்தோட்டம் போடுன்னு சொல்லுவேன்" என்றார் வெர்லின். பிறகு, "எல்லாத்தையும் பிரி" என்றார்.

சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதற்குள் தோட்டாவை வைத்துத் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு தனியாகக் கழன்று விழும். சாயங்காலம் முழுக்க நானும் ஹாஸ்கலும் மாறி மாறித் தட்டினோம். வெர்லின் நாற்காலியில் உட்கார்ந்து, "வளைச்சுத் தட்டாதே, நேரா தட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுத்தியலை அவர் தலையில் போடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. எந்த டப்பாவில் எது கலந்தது என்று தெரியாததால், பிரித்தெடுத்ததோடு இரண்டு டப்பா மருந்தையும் புல்வெளியில் தூவினோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், புல்லுக்கு நல்லது.

"சரி, நாளைக்கு என் தோட்டாவைச் சுடு" என்றார் ஹாஸ்கல்.

இங்கே ஒருவர் இன்னொருவருக்கு வண்டியைக் கொடுப்பார், வீட்டுச் சாவியைக் கொடுப்பார். ஆனால் இன்னொருவர் வீட்டில் செய்த தோட்டாவை யாரும் தன் துப்பாக்கியில் போடமாட்டார்.

"நீ டிவி பார்த்துக்கிட்டே மருந்து போடுறவன்."

"ரேடியோடா. ரேடியோதான்."

"என்ன மருந்து? எவ்வளவு?"

ஹாஸ்கல் சொன்னார். வெர்லின் கையேட்டில் பார்த்தார், மறுபடி கேட்டார், மறுபடி பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, "கொண்டா" என்றார்.

மறுநாள் முதல் சுற்றில் ஐந்து தோட்டாக்கள் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு பின்னால் மடங்கியது. இரண்டாம் சுற்றில் பாதியிலேயே நிறுத்தி, துப்பாக்கியை முறையாகக் காலி செய்து கீழே வைத்தார்.

"என்னடா போட்டிருக்கே இதுல, சிமெண்டா? நீ சொன்ன அளவே இல்லை இது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் மருந்து நிறுக்கும் தராசு தவறு என்று அத்தனை பேர் நடுவில் ஒத்துக்கொள்கிறவர் எங்கள் குழுவில் யாரும் கிடையாது.

"இருக்கலாம்டா" என்றார் ஹாஸ்கல். "தராசு கெட்டுப்போச்சு போல."

வெர்லின் முணுமுணுத்தபடி போய் வண்டியில் ஏறினார். நான் பையை எடுக்கப் போனபோது ஹாஸ்கல் மீதித் தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தராசுல ஒண்ணும் இல்லை, ரோ. இது என் பேத்திக்குன்னு போட்டு வெச்சது. இதைவிடக் கொஞ்சமா மருந்து போட்டா குண்டு துப்பாக்கியை விட்டே வெளியே வராது."

வீடு வரைக்கும் வெர்லின் ஹாஸ்கலைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்த ஆளின் தராசு, அந்த ஆளின் ரேடியோ, அந்த ஆளின் பிறப்பு, வளர்ப்பு எல்லாம். எனக்குத் தலை வெடித்தது. வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

"நீயாவது சொல்லு. அது முரட்டு மருந்துதானே?"

"ஆமா, ரொம்ப முரட்டு மருந்து" என்றேன்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே" என்றார்.